பிடிக்க விரல் இல்லை

சுண்டு விரலின் விலை ஏழு. மோதிர விரலும் ஏழுதான். அதில் மோதிரம் கிடந்திருந்தாலும் அதே ஏழு. மோதிரத்துக்குத் தனியாக ரசீது காட்ட வேண்டும். ஏழு என்றால் ரூபாய் அல்ல. ஒரு மனிதனை நூறு பங்காகக் கூறு போட்டு, அதில் ஏழு பங்கு. கட்டை விரலுக்கு முப்பது, ஆள்காட்டி விரலுக்குப் பதினான்கு என்று அரசாங்கம் அச்சடித்தே வைத்திருக்கிறது. பேரம் கிடையாது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் 'ஒரே விலை' என்று பலகை மாட்டியிருக்கும் கடைக்காரர்களும் ஒரு சுற்றுப் பேசினால் இறங்கி வருவார்கள். பட்டியலும் இறங்கும். ஆனால் கொடுக்கிறவர் கேட்டால் மட்டும்தான் இறங்கும் என்பது மாட்டுத் தரகர் சின்னக்கண்ணுவுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சின்னக்கண்ணு கச்சிராயபாளையத்துக்காரர். கல்வராயன் மலையில் மாடு பிடித்து, கீழே இறக்கி, சந்தையில் விற்றுக் கொடுப்பது தொழில். கடை கிடையாது, தராசு கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. முதலீடு வலது கையும் அதை மூட ஒரு துண்டும்தான். சந்தையில் மாட்டின் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் இரண்டு கைகள் நுழையும். விலை சொல்கிறவன் மற்றவனின் விரலைப் பிடிப்பான். கட்டை விரல் ஒன்று. அடுத்ததையும் சேர்த்தால் இரண்டு. இப்படியே சுண்டு விரல்வரை போனால் ஐந்து. ஐந்துக்கு மேலே என்றால் முழுக்கையையும் ஒரு தரம் பிடித்து விட்டு, மறுபடியும் கட்டை விரலிலிருந்து தொடங்க வேண்டும். நூறா ஆயிரமா என்று கேட்பதில்லை. மாட்டைப் பார்த்தாலே தெரியும். கை குலுங்கினால் வியாபாரம் முடிந்தது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிறவனுக்கு அடுத்த சந்தையில் எவனும் கை கொடுக்க மாட்டான். இடது கையை நீட்டுகிறவனை அடிக்க வருவார்கள்.

எண்பத்தேழாம் வருடம் செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு, ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு, ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. சின்னக்கண்ணு அப்போது வெள்ளிமலைப் பக்கத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குச் சேதி ஏறவில்லை. அங்கே சடையன் என்ற விவசாயி தன் உழவு மாடு இரண்டையும் அவரிடம் ஒப்படைத்தான். துண்டுக்குள் நான்கு விரலைப் பிடித்தான். ஜோடி நாலாயிரம். முன்பணம் வாங்கவில்லை. "வித்துட்டுக் குடு. நீ எங்க ஓடிடப் போற?" என்றான். சின்னக்கண்ணு எங்கேயும் ஓடக் கூடியவர் அல்ல. ஓடினது மாடு.

மலையை விட்டு இறங்கியதும் ரோடு காலியாகக் கிடந்தது. மாட்டுக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வளைவில் ரோட்டின் குறுக்கே புளியமரம் படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு, ரோட்டோர மண்ணில் இறங்கி, ஒரு வெள்ளை அம்பாசிடர் பறந்து வந்தது. சேலத்து மில் முதலாளி ஒருவருடைய கார். இடப்பக்கத்து மாட்டை அடித்துத் தூக்கியது. வலப்பக்கத்து மாடு மிரண்டு ஓடியது. அதன் கயிறு சின்னக்கண்ணுவின் வலது கையில் சுற்றியிருந்தது. கயிறு போகும்போது சுண்டு விரலையும் மோதிர விரலையும் கூட்டிக்கொண்டு போனது.

போலீஸ் ஸ்டேஷனில் அந்த வாரம் ஏட்டு வியாகுலம்தான் இருந்தார். மற்றவர்கள் மரம் அகற்றப் போயிருந்தார்கள்.

"கை இன்னாய்யா ஆச்சி?"

"கார் அடிச்சிச்சிங்க."

"கார் அடிச்சா காலு போவும், தலை போவும். வெரலு எப்படிய்யா போவும்? கோடாலி நழுவிச்சா?"

"நான் மாடு ஓட்டிக்கினு வந்தேங்க."

"மரம் வெட்டனவன் பூரா அதத்தான் சொல்லிக்கினு கீறான். மாடு எங்க?"

"ஒண்ணு செத்துப்போச்சி. ஒண்ணு ஓடிப்போச்சிங்க."

"அப்ப சாட்சி ரெண்டு. ஒண்ணு காலமாயிடுச்சி, ஒண்ணு தலைமறைவு" என்று சொல்லிக்கொண்டே வியாகுலம் எழுதினார். அவரிடம் தயாராக இருந்தது ஒரே வகை வழக்குத்தான். அந்த வாரம் பெயர் மட்டும் நிரப்பினால் போதும். சின்னக்கண்ணு நிரம்பினார்.

தான் போராடவில்லை என்று நிரூபிக்க அவருக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. அதற்குள் போராடியவர்கள் பலர் வெளியே வந்து, ஊர் ஊராகச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர் வீட்டுக்கும் இரண்டு பேர் சால்வையோடு வந்தார்கள். போராட்டத்தில் விரல் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதாம். வாங்கினால் கார் மேல் போட்டிருக்கும் நஷ்டஈட்டு வழக்கு படுத்துவிடும் என்று வக்கீல் எச்சரித்திருந்ததால் சின்னக்கண்ணு கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

"போராடனவனுக்குச் சால்வையாச்சும் கெடைக்குது" என்றாள் மனைவி ஆயம்மாள். "நீ இன்னா ஜென்மமோ. ஆஸ்பத்திரி செலவுக்கு எங்கம்மா போட்ட தோடு போச்சி. மலைக்காரனுக்கு நாலாயிரம் நிக்குது. அவன் வாயத் தொறந்து கேக்கறதுக்குள்ள குடுத்துடுய்யா. கேட்டுட்டான்னா அப்புறம் நீ அந்த மலையில எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஏறுவ?"

அதுதான் விஷயம். சடையன் கேட்கவில்லை. மாடு இல்லாமல் அண்டை வீட்டு ஏருக்குக் காத்திருந்து, பருவம் தப்பி விதைத்துக்கொண்டிருந்தான். மலையில் எல்லோருக்கும் அது தெரியும். சின்னக்கண்ணு அங்கே ஏறினால் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். மாடு மட்டும் யாரும் காட்டவில்லை. கீழே சந்தையிலும் நிலைமை அதுதான். துண்டுக்குள் அவரிடம் மூன்றுக்கு மேல் யாராலும் விலை சொல்ல முடியவில்லை. நல்ல மாடு எதுவும் மூன்றுக்குள் அடங்காது. கிழட்டுப் பசுவும் கன்றுக்குட்டியுமாக அவர் தொழில் சுருங்கியது.

வக்கீல் தீனதயாளன் நம்பிக்கை தந்தார். "அம்பதாயிரம் கேக்கறோம். அம்பது கேட்டாத்தான் அஞ்சு வரும்."

இது சின்னக்கண்ணுவுக்குப் புரிந்தது. மூன்று வருடத்தில் அவருக்குப் புரிந்த ஒரே சட்ட விளக்கம் அதுதான்.

காருக்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்த கம்பெனியின் சார்பில் தனசேகரன் என்ற அதிகாரி பதில் மனு போட்டார். நல்ல மனிதர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். மனுவின் சாரம் இதுதான்: கார் மாட்டை இடித்தது. மாடு கயிற்றை இழுத்தது. கயிறு விரலை எடுத்தது. ஆகவே காருக்கும் விரலுக்கும் நேரடி அறிமுகம் இல்லை. விரலை இழந்ததற்குக் காரணம் மாடு. மாட்டுக்கு இன்னும் பணம் தரப்படாததால் விபத்து நாளில் அதன் உரிமையாளர் வெள்ளிமலை சடையன். இழப்பீடு தர வேண்டியவர் அவரே. தவிர, கார் மண்ணில் இறங்கக் காரணம் புளியமரம். மரம் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதையும் சேர்க்க வேண்டும்.

நெடுஞ்சாலைத் துறை, மரம் நின்றிருந்தவரைதான் தங்களுடையது என்றும், படுத்த பிறகு அது ஏலப் பிரிவுக்குப் போய்விட்டது என்றும், ஏலத்தில் அது இரண்டாயிரத்து முந்நூறுக்குப் போனதாகவும் பதில் எழுதியது. இந்த வழக்கில் விலை தகராறில்லாமல் முடிந்தது அந்த மரத்துக்கு மட்டும்தான்.

மலைக்குச் சம்மன் போனது. சடையன் அதைத் தலைப்பாகைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, விடியற்காலை பஸ் பிடித்து இறங்கி வந்தான்.

"ஏம்ப்பா தரகரே, உன் வெரலுக்கு நான் பணம் கட்டணுமாமே?"

"நான் சொல்லலப்பா. கார்க்காரன் கம்பெனி சொல்லுது."

"எம் மாடு போச்சி, அதுக்குப் பணம் வரல. இப்ப மாட்டால உன் வெரலு போச்சி, அதுக்கும் நானா? மாடு குடுத்தது ஒரு குத்தமாய்யா?"

இருவரும் கோர்ட் வாசலில் டீ குடித்தார்கள். காசு யார் கொடுப்பது என்பதில் கொஞ்ச நேரம் சண்டை. சடையன் கொடுத்தான். அது சின்னக்கண்ணுவுக்கு விரல் போன அன்றைவிட வலித்தது.

நடுவில் மருத்துவச் சான்று. பெரிய டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுதுவீங்களா?"

"படிக்கலீங்க."

"அப்ப எழுத்துல நஷ்டம் இல்ல. சாப்பிடறீங்களா?"

"மூணு வெரல்ல அள்ளிக்கினு கீறேங்க."

"நாகரிகமானவங்க மூணு விரலாலதான் சாப்பிடுவாங்க. உங்களுக்கு அதுல முன்னேற்றம்னுதான் சொல்லணும்." டாக்டர் ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். "பளு தூக்கறீங்க. அப்ப பட்டியல்ல இருக்கிற பதினாலு உங்களுக்கு அதிகம். ஒன்பது போடறேன். பாருங்க, நான் யாருக்கும் வயித்துல அடிக்கிறவன் இல்ல. ஆனா முழுசா போட்டா அடுத்தவன் முழுசா கேப்பான். நாட்டுல எத்தனை விரல் இருக்குது?"

விசாரணை அன்று சடையனைக் கூண்டில் ஏற்றினார்கள். தரகருக்கு வருமானம் இவ்வளவு என்று காட்ட வேறு சாட்சி இல்லை. ஒரு வருடமாக இந்த நாளுக்காகத் தீனதயாளன் காத்திருந்தார். மண்டல் பிரச்சினையில் பஸ் நின்று இரண்டு வாய்தா வேறு போயிருந்தது.

"சடையன், நீங்க மனுதாரர்கிட்ட மாடு எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

"அது அவன் கைக்குத் தெரியும்ங்க."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க."

"சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுங்க. துண்டுக்குள்ள பேசுனது."

தீனதயாளன் கேள்வியை மாற்றினார். "சரி, தரகு எவ்வளவு? வருஷத்துக்கு எத்தனை ஜோடி? தோராயமா?"

"அதுவும் துண்டுக்குள்ளதாங்க."

நீதிபதி குனிந்து பார்த்தார். "உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறீர்கள்."

"ஆமாங்க சாமி. சொல்லக் கூடாதுங்கறதுதான் உண்மை."

தீனதயாளன் திரும்பித் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். எழுந்து ஒரு வார்த்தை, "சொல்லு சடையா" என்று சின்னக்கண்ணு சொல்லியிருந்தால் போதும். சின்னக்கண்ணு முகத்தில் மூன்று வருடமாக இல்லாத ஒரு பெருமை இருந்தது.

"நியாயமாச் சொன்னான்" என்றார்.

'வருமானத்துக்கு ஆதாரம் இல்லை. மனுதாரரே அதை ஆமோதிக்கிறார்' என்று பதிவானது. விவசாயக் கூலியின் நாள் சம்பளம் போட்டு, அதில் ஒன்பது சதவீதம் கண்டு, விசாரணையை வாய்தா போட்டார்கள். வராந்தாவில் தீனதயாளன் கத்தினார். "உங்க ரெண்டு பேருக்கும் வக்கீல் எதுக்குய்யா? ஒரு துண்டு வாங்கிப் போத்திக்கினு போவ வேண்டிதுதானே!"

அவர் கோபத்தில் சொன்னதை அரசாங்கம் மூன்றாவது மாதம் நிறைவேற்றியது.

நிலுவையில் கிடந்த விபத்து வழக்குகளை ஒரே நாளில் தீர்க்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமரச முகாம் வைத்தார்கள். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழை மரத்தை அவிழ்க்கவில்லை. வாசலில் சந்தனம் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் முகாமின் தலைவர். தாமதமான நீதி மறுக்கப்பட்ட நீதி என்று அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். "இங்கே தோற்றவர் இல்லை, வென்றவர் இல்லை. எல்லோருக்கும் மதிய உணவு உண்டு" என்று முடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக்கண்ணுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் மணமக்கள் நாற்காலியில் தலைவர் இருந்தார். ஒரு பக்கம் தனசேகரன், மறுபக்கம் தீனதயாளன். கீழே முதல் வரிசையில் ஆயம்மாள். சடையன் கடைசி வரிசையில். எதிர் மனுதாரர் என்பதால் அவனும் வர வேண்டியிருந்தது.

"என்ன தொழில்?" என்றார் தலைவர்.

தீனதயாளன் விளக்கினார். தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அடடா! நம் மக்கள் காலம் காலமாகச் சமரசம் செய்துகொள்கிற முறை அல்லவா இது! இதைத்தானே நாம் சட்டத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த வழக்கை இவர் முறையிலேயே முடிப்போம். யாராவது ஒரு துண்டு கொண்டுவாருங்கள். போட்டோக்காரர் எங்கே?"

"யூனிட்?" என்றார் தனசேகரன். "நூறா, ஆயிரமா?"

"மாட்டப் பாத்தாலே தெரியும்ங்க" என்று சின்னக்கண்ணு பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

தனசேகரன் சின்னக்கண்ணுவை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தால் நூறு என்றுதான் சார் தெரிகிறது."

தீனதயாளன் பாய்ந்தார். சட்டப் புத்தகத்தைத் தட்டினார், குரல் கம்மும்வரை வாதாடினார். ஆயிரம் என்று முடிவாயிற்று. அவருடைய வக்கீல் வாழ்க்கையின் சிறந்த வாதம் அது என்று பின்னால் பீஸ் கேட்கும்போது சொன்னார்.

துண்டு வந்தது. இரண்டு கைகள் உள்ளே போயின. தனசேகரன் கட்டை விரலைப் பிடித்தார். சின்னக்கண்ணு வானத்தைப் பார்ப்பதுபோல மண்டபத்து மின்விசிறியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அடுத்த விரல். ஆட்டினார். மூன்றாவது. அதற்கும் ஆட்டினார். துண்டுக்குள் தனசேகரனின் கை கொஞ்ச நேரம் தேடியது. வெளியே வந்தது.

"சார், கம்பெனி தாராளமாகவே வந்தது. நான் நாலுக்குத் தயாராக இருந்தேன், ஐந்துக்கும் தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆனால் பிடிக்க விரல் இல்லை. மனுதாரர் கையில் மூன்றுக்கு மேல் வாங்க வசதி இல்லாததற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"வேற கை கீதுங்களே!" என்று கீழேயிருந்து ஆயம்மாள் கத்தினாள். "யோவ், முறையப் பாக்காத, அந்தக் கையக் குடுய்யா!"

சின்னக்கண்ணுவின் இடது கை வாழ்நாளில் முதல் தடவையாகத் துண்டை நோக்கிப் பாதி தூரம் வந்தது.

தலைவர் வருத்தத்தோடு தடுத்தார். "இடது கைக்குக் காயம் இல்லை. ஆகவே அது இந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை. பாரம்பரியப்படியும் தவறு என்கிறார்கள். சட்டமும் சம்பிரதாயமும் ஒன்றாக நிற்கும்போது நான் யார்?"

"சாமி" என்றார் சின்னக்கண்ணு. "அந்த ரெண்டு வெரலு இல்லன்னுதானே வழக்கே."

"சரியாகச் சொன்னீர்கள். அவை இருந்திருந்தால் உங்களுக்கு ஐந்தே கிடைத்திருக்கும்."

மண்டபம் கை தட்டியது. மூவாயிரம் என்று எழுதப்பட்டது. சடையன் மேல் குற்றமில்லை என்றும், பெருந்தன்மையோடு அவரை விடுவிப்பதாகவும் கம்பெனி அறிவித்தது. போட்டோவுக்காகச் சின்னக்கண்ணுவும் தனசேகரனும் கை குலுக்கினார்கள். குலுங்கினால் முடிந்தது, அதற்குமேல் மேல்முறையீடு அவர் தொழிலில் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் கிளம்ப நேரம் இருந்தது. காசோலையைத் தீனதயாளன் வைத்துக்கொண்டு, கழித்ததுபோக ரொக்கம் கொடுத்திருந்தார். சின்னக்கண்ணு அதை எண்ணாமல் அப்படியே சடையனிடம் நீட்டினார்.

"இத்த வெச்சிக்க. மீதிக்கு நீயே ஒரு வெலையச் சொல்லு. கொறைச்சிச் சொன்னாலும் எனக்கு ரோஷம் இல்ல."

சடையன் பணத்தை வாங்கி இடுப்பில் செருகினான். பிறகு தன் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சின்னக்கண்ணுவின் கைமேல் போட்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு இது புதிதல்ல, யாரும் நிற்கவில்லை.

சடையன் கட்டை விரலைப் பிடித்தான். அடுத்ததையும், அதற்கடுத்ததையும் சேர்த்துப் பிடித்தான். அதோடு நிற்கவில்லை. மூன்றாவதைத் தாண்டி, விரல் இருந்த இடத்தில், மேடிட்டு ஆறியிருந்த அந்தத் தழும்பை அழுத்தினான். நன்றாகவே அழுத்தினான். வலித்தது.

நாலு.

சின்னக்கண்ணு தலையை ஆட்டவில்லை. கையைக் குலுக்கினார்.

"பாக்கி நிக்குது" என்று சொல்லிவிட்டுச் சடையன் பஸ் ஏறினான்.

"இன்னா சொன்னான்? எதுனா கொறைச்சானா?" என்றாள் ஆயம்மாள்.

"அது துண்டுக்குள்ள."

அவளுக்குச் சொல்லாவிட்டாலும் கணக்கு என்னவோ இதுதான். வரவு, கம்பெனி கொடுத்தது மூவாயிரம். செலவில் வக்கீல் பீஸ் ஆயிரம். ஸ்டாம்பு, டைப், நகல் முந்நூற்றுப் பத்து. டாக்டர் சான்று நூற்றைம்பது. வக்கீலின் மூன்று வருடத்து பஸ், டீ நானூற்று இருபது. கை குலுக்கும் போட்டோ, சட்டம் போட்டு, நாற்பது. ஆக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கைக்கு வந்தது ஆயிரத்து எண்பது. வெள்ளிமலை சடையன் பேரில் மாடு ஜோடி ஒன்றுக்கு நாலாயிரம். இன்று செலுத்தியது ஆயிரத்து எண்பது. சின்னக்கண்ணு தர வேண்டிய பாக்கி, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.